மலேசியா, சிங்கப்பூர் போறோம்: பணத்தை எப்படிப் பிரிச்சு எடுக்கிறது? பூட்டின வீட்டுக்கு என்ன பண்ணணும்?

வைகைக்கரை கேட்டது:

வணக்கம் மக்களே. நான், வீட்டுக்காரர், அத்தை, 12 வயசுலயும் 9 வயசுலயும் ரெண்டு பிள்ளைங்க, ஆக மொத்தம் அஞ்சு பேர். திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கே மூணு ராத்திரி, பினாங்குல ரெண்டு. திரும்ப கோலாலம்பூர் வந்து பஸ்ல சிங்கப்பூர், அங்கே மூணு ராத்திரி. சிங்கப்பூர்லயிருந்தே திருச்சி திரும்புறோம். டிக்கெட், விசா, ஹோட்டல் எல்லாம் முடிஞ்சது. டூர் பேக்கேஜ் இல்ல, நாங்களே போட்டது.

இப்ப குழப்பம் பணத்துல. ஒருத்தர் ரூபாயாவே கொண்டு போ, அங்கே மாத்திக்கலாம்கிறார். இன்னொருத்தர் டாலர் வாங்கிக்கோங்கிறார். வங்கியில ஃபாரெக்ஸ் கார்டுதான் (வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏத்தி வச்சுக்கிற கார்டு) நல்லதுங்கிறாங்க. எங்ககிட்ட ஒரு கிரெடிட் கார்டு, ரெண்டு டெபிட் கார்டு (ஒண்ணு ரூபே, ஒண்ணு விசா) இருக்கு. எது எவ்வளவு எடுத்துட்டுப் போகணும்? யுபிஐ அங்கே வேலை செய்யுமா?

ரெண்டாவது, மதுரையில தனி வீடு. சம்ப், மோட்டார், இன்வெர்ட்டர் எல்லாம் உண்டு. வீட்டைப் பூட்டிட்டு இத்தனை நாள் போறது இதுதான் முதல் தடவை. கிளம்புறதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்னு விவரமா சொல்லுங்க.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

ரூபாயாக எடுத்துப் போகும் யோசனையை விட்டுவிடுங்கள். இந்தியாவிலிருந்து வெளியே போகும்போது ஒருவர் 25,000 ரூபாய் வரைதான் இந்திய நோட்டாக வைத்திருக்கலாம். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ரூபாயை மாற்றித் தருவார்கள்தான், ஆனால் மலேசியாவில் முதல் ஆறு நாள் இருக்கப்போகிறீர்கள். திரும்பி வந்ததும் திருச்சியிலிருந்து மதுரைக்கு வண்டி, டோல், சாப்பாட்டுக்கு வேண்டிய ரூபாய் மட்டும் தனி கவரில் இருக்கட்டும்.

டாலரும் வேண்டாம். ரூபாயிலிருந்து டாலருக்கு ஒரு முறை, டாலரிலிருந்து ரிங்கிட்டுக்கு (மலேசிய நாணயம்) இன்னொரு முறை என்று இரண்டு இடத்தில் நஷ்டம். திருச்சியில் ரிங்கிட்டும் சிங்கப்பூர் டாலரும் தாராளமாகப் புழங்கும். நேராக அவற்றையே வாங்கலாம்.

வாங்கும்போது கவனம் வேண்டியது "இன்றைக்கு என்ன ரேட்" என்ற கேள்வியில்தான். செல்போனில் தேடினால் வரும் ரேட்டுக்கு யாரும் தரமாட்டார்கள், அது வங்கிகள் தங்களுக்குள் பேசும் விலை. இரண்டு மூன்று கடையில் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "1,000 ரிங்கிட் என் கைக்கு வர, எல்லாம் சேர்த்து எத்தனை ரூபாய் கட்டணும்?" அந்த ஒரு எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள். ஜிஎஸ்டி உண்டு, ஆனால் சிறிது. ஒரு லட்சம் ரூபாய் வரை மாற்றினால் அதில் 1 சதவீதத்தை (குறைந்தது 250 ரூபாய்) சேவை மதிப்பாக வைத்து அதற்கு 18 சதவீதம் போடுவார்கள். 50,000 ரூபாய்க்கு வாங்கினால் வரி 90 ரூபாய், 20,000 ரூபாய்க்கு 45 ரூபாய். "ஜிஎஸ்டி அதிகம், பில் இல்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள். மிச்சப் பணத்தைத் திரும்பக் கொடுக்கும்போது அந்த பில்தான் உங்களுக்கு ஆதாரம். பாஸ்போர்ட், டிக்கெட், விசா நகல், பான் கார்டு கொண்டு போங்கள். 50,000 ரூபாய்க்கு மேல் போனால் ரொக்கமாக வாங்கமாட்டார்கள், வங்கிக் கணக்கிலிருந்துதான் கட்ட வேண்டும்.

எவ்வளவு? ஹோட்டல் முடிந்துவிட்டதால் மீதமுள்ள செலவில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக ரொக்கம், மற்றது ஃபாரெக்ஸ் கார்டு, கிரெடிட் கார்டு அவசரத்துக்கும் ஹோட்டல் டெபாசிட்டுக்கும். நான் இருந்தால் இப்படித்தான் பிரிப்பேன். மலேசியாவில் சின்னக் கடை, கோயில், இரவுச் சந்தை எல்லாம் ரொக்கம். சிங்கப்பூரில் கார்டு பெரும்பாலும் ஓடும், அதனால் ரொக்கத்தில் ரிங்கிட் கூடுதலாகவும் சிங்கப்பூர் டாலர் குறைவாகவும் இருக்கட்டும்.

ஃபாரெக்ஸ் கார்டு வாங்குமுன் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும்: அந்தக் கார்டில் ரிங்கிட் பை, அதாவது ரிங்கிட்டைத் தனியாக ஏற்றி வைக்கும் வசதி, உண்டா? சிங்கப்பூர் டாலர் எல்லாரும் தருகிறார்கள், ரிங்கிட் சில கார்டில் கிடையாது. இல்லாத நாணயத்தில் தேய்த்தால் வேறு பையிலிருந்து எடுத்து, மாற்றுக் கட்டணமும் போட்டுவிடுவார்கள். கார்டு வாங்கியதன் பயனே அதோடு போய்விடும்.

சாதாரண கிரெடிட் கார்டை வெளிநாட்டில் தேய்த்தால் பல வங்கிகள் 3.5 சதவீதம் மார்க்அப் (நாணய மாற்றுக்கான கூடுதல் கட்டணம்) போடுகின்றன, அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 20,000 ரூபாய் செலவுக்கு 700 ரூபாயும் 126 ரூபாயும், ஆக 826 ரூபாய் வீண். மார்க்அப் இல்லாத கார்டுகளும் இருக்கின்றன. உங்களுடையது எதுவென்று வங்கியின் கட்டணப் பட்டியலில் பாருங்கள்.

எல்லாவற்றையும்விடப் பணம் அதிகம் போகும் இடம் ஒன்று உண்டு. கடையில் கார்டைச் செருகியதும் மெஷின் திரையில் இரண்டு தொகை வரும், மேலே ரிங்கிட்டில், கீழே இந்திய ரூபாயில். ரூபாயைப் பார்த்ததும் புரிகிறதே என்று அதை அமுக்கத் தோன்றும். அமுக்காதீர்கள். அந்த மாற்று ரேட்டை அந்தக் கடையின் மெஷின்காரர் வைக்கிறார், எப்போதுமே மோசமாக இருக்கும். அதோடு வெளிநாட்டில் ரூபாயில் கட்டியதற்கென்று நம் வங்கியும் தனியாகக் கட்டணம் போடலாம். எங்கேயும் அந்த ஊர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். கடைக்காரரே ரூபாயைத் தட்டிவிட்டு ரசீது கொடுத்தால், கையெழுத்துப் போடாமல், ரத்து செய்து மறுபடி போடச் சொல்லுங்கள். ஏடிஎம்மில் இதே பொறி வேறு வேஷத்தில் வரும். "இந்த மாற்று விகிதத்தை ஏற்கிறீர்களா" என்று கேட்கும், ஏற்காவிட்டால் பணம் வராதோ என்று பயமாக இருக்கும். மறுத்தாலும் பணம் வரும்.

யுபிஐ: சிங்கப்பூரில் சில கடைகளில் க்யூஆர் ஓடும். அதற்குச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் தனியாக இயக்க வேண்டும். மலேசியாவில் அதை நம்பி இறங்காதீர்கள். மொத்தத்தில் யுபிஐ வேலை செய்தால் நல்லது என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள், திட்டத்தில் சேர்க்க வேண்டாம்.

---

பத்துமலைப்படி எழுதியது:

வணக்கம் வைகைக்கரை, கோலாலம்பூரிலிருந்து எழுதுகிறேன். கணக்குப்பிள்ளை ஐயா சொன்னதோடு இங்கத்து விஷயம் கொஞ்சம் சேர்க்கிறேன். எங்கள் கடைகளில் "பத்து வெள்ளி" என்றால் பத்து ரிங்கிட்தான். சிங்கப்பூரிலும் டாலரை வெள்ளி என்றே சொல்வார்கள். இரண்டும் ஒரே மதிப்பு இல்லை, பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

நோட்டு வாங்கும்போது 100 வெள்ளிக் கட்டாகத் தள்ளிவிடுவார்கள், வேண்டாம் என்று சொல்லி 10, 20, 50 கலந்து கேளுங்கள். ரயில் நிலைய டோக்கன் இயந்திரம் பெரிய நோட்டை எடுக்காது. எல்ஆர்டி என்ற நகர ரயிலில் நீல நிற வட்ட டோக்கன் கொடுக்கும். உள்ளே போகும்போது கதவில் தொட வேண்டும், வெளியே வரும்போது துளைக்குள் போட வேண்டும். அதுவரை பிள்ளைகள் தொலைக்காமல் இருக்க வேண்டும். நகரத்துக்குள் ஓடும் ரேபிட் பஸ்களில் ரொக்கம் போடப் பார்க்காதீர்கள், டச் அண்ட் கோ அட்டைதான். ஒருவருக்கு ஓர் அட்டை வேண்டும். நீங்கள் மூன்று நாள்தானே, ரயிலுக்கு டோக்கன், மற்றதற்கு கிராப் (செயலியில் அழைக்கும் வாடகைக் கார்) என்று வைத்துக்கொண்டால் அட்டையே தேவைப்படாது.

கிராப் செயலியை இந்தியாவிலேயே இறக்கிப் பதிவு செய்துவிட்டு வாருங்கள். பதிவுக்கு ஓடிபி வரும், இங்கே வந்து உள்ளூர் சிம் போட்டுவிட்டால் அந்த எண்ணுக்கு வராது. ரொக்கமாகவே கட்டலாம். நீங்கள் ஐந்து பேர், சாதாரணக் காரில் நான்கு பேர்தான் ஏற்றுவார்கள், ஆறு பேர் வண்டி என்று தேர்ந்தெடுங்கள். விமான நிலைய எக்ஸ்பிரஸ் ரயில் பெரியவருக்கு 55 வெள்ளி, மூன்று பெரியவருக்கே 165 ஆகிவிடும், பிள்ளைகள் தனி. குடும்பமாக வரும்போது ஆறு பேர் வண்டிதான் கட்டுப்படியாகும், வாசலில் இறக்கியும் விடுவார்கள்.

ஹோட்டலுக்கு முழுப் பணம் கட்டியாச்சு என்று வந்து நிற்பவர்களிடம் கவுண்டரில் இன்னும் கேட்பார்கள். அது ஏமாற்று இல்லை. வெளிநாட்டவர்க்குச் சுற்றுலா வரி ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி. இரண்டு அறை, ஐந்து இரவு என்றால் 100 வெள்ளி. பினாங்கில் உள்ளாட்சிக் கட்டணமும் சிறிது உண்டு. அதற்கு மேல் டெபாசிட் ஒன்று கேட்பார்கள், அதை ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள், அல்லது கிரெடிட் கார்டில் பிடிக்கச் சொல்லுங்கள். ஃபாரெக்ஸ் கார்டிலோ டெபிட் கார்டிலோ பிடித்தால் அந்தப் பணம் விடுபட்டுத் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகலாம். அதற்குள் நீங்கள் மதுரைக்கே போய்விடுவீர்கள்.

இரு நாட்டுக்கும் வருகைப் படிவம் ஆன்லைனில் நிரப்ப வேண்டும், வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள். இரண்டுமே இலவசம். தேடலில் முதலில் வந்து நிற்கும் சில தளங்கள் ஆளுக்கு இவ்வளவு என்று டாலர் கேட்கும், அவை அரசாங்கத் தளம் இல்லை. ஐந்து பேருக்கு அங்கே கட்டினால் ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு போய்விடும்.

சிங்கப்பூரில் எம்ஆர்டி (நகர ரயில்), பஸ் இரண்டுக்கும் வங்கிக் கார்டையே தொட்டு ஏறலாம், விசா, மாஸ்டர்கார்டு ஓடும், ரூபே ஓடாது. ஆனால் ஒரு கார்டுக்கு ஒருவர்தான். வெளிநாட்டுக் கார்டுக்கு ஒரு நாளைக்கு 60 காசு நிர்வாகக் கட்டணம். உங்களிடம் ஃபாரெக்ஸ், கிரெடிட், விசா டெபிட் என்று மூன்று இருக்கும், அதில் மூவர் போகலாம். மற்ற இருவருக்கு 10 வெள்ளிக்கு ஈஸிலிங்க் அட்டை, அதில் 5 அட்டை விலை, 5 பயணத்துக்கு. ஏறும்போது தொட்ட கார்டையே இறங்கும்போதும் தொட வேண்டும். பையில் நான்கு கார்டை ஒன்றாக வைத்துக்கொண்டு பர்ஸோடு தொட்டால் எது கழிந்தது என்றே தெரியாமல் போகும். தனியாக எடுத்துத் தொடுங்கள்.

பிளக் இரண்டு நாட்டிலும் சதுர மூன்று முனை. நம்மூர் வட்ட முனை ஏறாது, ஊரிலேயே இரண்டு அடாப்டர் வாங்கி வாருங்கள்.

---

மேலமாசிவீதி எழுதியது:

வீட்டு விஷயத்துக்கு வர்றேன் வைகைக்கரை. திருட்டுப் பயம்தான் எல்லாருக்கும் முதல்ல வரும். ஆனா பூட்டின வீட்டைக் கெடுக்கிறது பெரும்பாலும் தண்ணியும் கரண்டும்தான்.

மோட்டார்ல இருந்து ஆரம்பிங்க. ஆட்டோமேட்டிக் கண்ட்ரோலர் போட்டிருந்தா அதை நம்பி விடாதீங்க. மிதவை ஒரு இடத்துல சிக்கினா மாடித் தொட்டி வழிஞ்சுக்கிட்டே இருக்கும், இல்லன்னா சம்ப்ல தண்ணி இல்லாம மோட்டார் சும்மா ஓடி வைண்டிங் கருகும். டேங்க்கை நிரப்பிட்டு மோட்டார் எம்சிபியை (மீட்டர் போர்டுல இருக்கிற பிரேக்கர் ஸ்விட்ச்) இறக்கிடுங்க. மாடித் தொட்டியிலிருந்து வீட்டுக்குள்ள இறங்குற வால்வை மூடுங்க. வால்வு பல வருஷம் திருப்பாம இறுகிப் போயிருந்தா கிளம்புற அன்னைக்கு மல்லுக்கட்ட வேண்டாம், உடைஞ்சா பிளம்பர் தேடணும். ஒரு வாரம் முன்னாடியே திருப்பிப் பாருங்க. வாஷிங் மெஷினுக்கு வர்ற குழாயைத் தனியா மூடணும், அந்த ஹோஸ் எப்பவும் அழுத்தத்துலயே இருக்கும்.

பாத்ரூம், சமையலறை ஜாலி ஒவ்வொண்ணுலயும் கிளம்புறப்ப ஒரு மக் தண்ணி ஊத்துங்க. உள்ள இருக்கிற வளைவுல தண்ணி நிக்கிற வரைக்கும்தான் சாக்கடை நாத்தமும் கரப்பானும் மேல வராது. மதுரை வெயில்ல அது வத்திடும். மேல ஒரு பிளாஸ்டிக் ஷீட் போட்டு, தண்ணி நிரப்பின சொம்பை வெயிட்டா வைங்க.

கேஸுக்கு ரெகுலேட்டர் நாபை மூடினா மட்டும் போதாது, இத்தனை நாளைக்குக் கழட்டிட்டு சிலிண்டர் வாயில வெள்ளை மூடியைப் போட்டுடுங்க. திரும்பி வந்து கதவைத் திறந்ததும் லைட் போடுறதுக்கு முன்னாடி மூக்கை நம்புங்க. வாடை வந்தா எந்த ஸ்விட்சையும் தொடாம ஜன்னலைத் திறந்துட்டு வெளிய வந்து 1906க்குப் போன் பண்ணுங்க.

மெயின் ஸ்விட்சையே இறக்கிட்டுப் போறவங்க இன்வெர்ட்டரை மறந்துடுவாங்க. மெயின் இல்லன்னதும் இன்வெர்ட்டர் கரண்ட் போச்சுன்னு நினைச்சு பேட்டரியில ஓடும். ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு எரிஞ்சாக்கூட பேட்டரியை அடியோட காலி பண்ணிடும், அப்படி முழுசா வத்தின பேட்டரி பழைய நிலைக்கு வராது. அதனால மெயினை இறக்குறதா இருந்தா இன்வெர்ட்டரோட முன் ஸ்விட்சையும் ஆஃப் பண்ணுங்க. ஃப்ரிட்ஜ் ஓடணும்னா மெயினை விட்டுட்டு கீசர், ஏசி, மோட்டார், சமையலறை எம்சிபிகளை மட்டும் இறக்குங்க. பேட்டரியில டிஸ்டில்டு வாட்டர் அளவையும் பார்த்துக்கோங்க.

ஃப்ரிட்ஜ்ல மாவு, பால், தயிர், நறுக்கின காய், தக்காளி எதுவும் இருக்கக் கூடாது. தேங்காயைத் துருவி ஃப்ரீஸர்ல வைக்கலாம். ஒரு சின்ன டம்ளர்ல தண்ணி நிரப்பி ஃப்ரீஸர்ல உறைய வைங்க, உறைஞ்சதும் மேல ஒரு ரூபாய் காசு வச்சுடுங்க. திரும்பி வந்து பார்க்கிறப்ப காசு மேலயே இருந்தா சரி. அடியில போய் உறைஞ்சிருந்தா நடுவுல நெடுநேரம் கரண்ட் போய் எல்லாம் உருகித் திரும்ப உறைஞ்சிருக்குன்னு அர்த்தம், ஃப்ரீஸர்ல இருக்கிறதைத் தூக்கிப் போட்டுடுங்க. உருளைக்கிழங்கைக் கூடையில விட்டுட்டுப் போகாதீங்க. ஒண்ணு அழுகினா வீடே நாறும்.

இபி மீட்டர் கேட்டுக்கு உள்ள இருந்து, ரீடிங் எடுக்க வர்ற நாள்ல பூட்டியிருந்தா உத்தேசமா ஒரு கணக்கு விழும். அட்டையைப் பார்த்து, ரெண்டு மாசம் எப்ப முடியுதுன்னு கணக்குப் போட்டுக்கோங்க. அந்த நாள் பயணத்துக்குள்ள வந்தா கேட் சாவியை நம்பிக்கையான பக்கத்து வீட்டுல குடுத்துட்டுப் போங்க. அவங்ககிட்டயே வாசல்ல சேர்ற பேப்பர், நோட்டீஸ் எல்லாம் எடுக்கவும், சாயங்காலம் வெளி லைட் போடவும் சொல்லிடுங்க. பால், பேப்பரை நிறுத்துங்க. பூட்டு கேட்டுக்கு வெளிய தொங்காம, உள்பக்கமா வர்ற மாதிரி போடுங்க. ஏரியா போலீஸ் ஸ்டேஷன்ல ஒரு கடுதாசி எழுதிக் குடுக்கிறதும் நல்லதுதான்.

நகை: அத்தையும் நீங்களும் தினமும் போடுறது போக மீதியை லாக்கர்ல வச்சுடுங்க. கனமான நகையோட போய்த்தான் ஆகணும்னா, திருச்சியில கிளம்புறப்பவே கஸ்டம்ஸ்ல காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கோங்க. அது இல்லாம திரும்பி வந்தா அங்கே வாங்கினது இல்லைன்னு நீங்கதான் நிரூபிக்கணும்.

---

வைகைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பூட்டு விஷயமும் அந்த டம்ளர்ல காசு வைக்கிறதும் அத்தைகிட்ட வாசிச்சுக் காட்டினேன், உடனே குறிச்சுக்கிட்டாங்க. இன்னும் ரெண்டு சந்தேகம். அங்கே உள்ளூர் சிம் போட்டா வங்கி ஓடிபி எப்படி வரும்? வெளிநாட்டுக்குப் பணம் எடுக்கிறப்ப டிசிஎஸ்னு 20 சதவீதம் வரி முன்கூட்டியே பிடிப்பாங்கன்னு சொல்றாங்களே, அது எங்களுக்கும் உண்டா?

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

டிசிஎஸ் உங்களுக்கு வராது தங்கச்சி. ஒரு நிதியாண்டில் ஒருவர் வெளிநாட்டுக்கென்று எடுக்கும் பணம் 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் அந்த 20 சதவீதம். 2025 ஏப்ரல் 1-க்கு முன் அந்த வரம்பு 7 லட்சமாக இருந்தது. பேக்கேஜாக வாங்குபவர்களுக்கு விதி வேறு, நீங்கள் அதில் இல்லை. பிடித்தாலும் அது தொலைந்த பணம் இல்லை, பான் எண்ணில் வரவாகி, ரிட்டர்ன் போடும்போது கழித்துக்கொள்ளலாம்.

ஓடிபி எந்த எண்ணுக்கு வருகிறதோ அந்த இந்திய சிம் யாராவது ஒருவர் போனில் உயிரோடு இருக்க வேண்டும். இரண்டு சிம் போனில் இந்திய சிம் முதல் இடத்திலும் உள்ளூர் சிம் டேட்டாவுக்கும் இருக்கட்டும். கிளம்புமுன் இந்திய எண்ணில் சர்வதேச ரோமிங்கை இயக்குங்கள், அந்தச் சிம்மின் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து வையுங்கள், இல்லையென்றால் பில் ஏறும். விசா டெபிட், கிரெடிட் இரண்டிலும் வெளிநாட்டுப் பயன்பாட்டைச் செயலியில் நீங்களே திறக்க வேண்டும். 2020 அக்டோபரிலிருந்து புதிய கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும் திறந்தே வருகின்றன. ஏடிஎம், கடை மெஷின், தொட்டுக் கட்டுவது என்று தனித்தனிப் பொத்தான்கள் இருக்கும். வெளிநாட்டு ஆன்லைன் பொத்தானைத் திறக்க வேண்டாம். ஊர் திரும்பியதும் மற்றதையும் மூடிவிடுங்கள்.

இன்னொன்று, ஃபாரெக்ஸ் கார்டுக்குப் பணம் ஏற்றுவது பெரும்பாலும் சம்பளக் கணக்கிலிருந்துதான். வீட்டுக் கடன் தவணை, எஸ்ஐபி (மியூச்சுவல் ஃபண்டு மாத முதலீடு), காப்பீட்டுப் பிரீமியம் பயண நாட்களில் அதே கணக்கில் விழுமா என்று பார்த்து, அந்தத் தொகையைத் தொடாமல் விட்டு ஏற்றுங்கள். இருப்பு இல்லாமல் தவணை திரும்பினால் அபராதம் வங்கியிலும் கடன் கொடுத்தவரிடமும் என்று இரண்டு பக்கமும் விழும்.

ரொக்கத்தையும் கார்டுகளையும் ஒரே பையில் வைக்காதீர்கள். உங்களிடம் ஒரு பங்கு, வீட்டுக்காரரிடம் ஒரு பங்கு. ஃபாரெக்ஸ் கார்டு ஒருவரிடம் என்றால் கிரெடிட் கார்டு மற்றவரிடம். கார்டு தொலைந்தால் முடக்க வேண்டிய எண்ணைப் போனில் மட்டும் இல்லாமல் ஒரு காகிதத்திலும் எழுதி அத்தையிடம் கொடுங்கள்.

---

பத்துமலைப்படி எழுதியது:

கடைசியாக ஒன்று. மலேசியாவை விட்டுப் பஸ் ஏறும் முன்னால் சென் காசுகளைச் செலவழித்துவிடுங்கள், நாணயத்தை எந்த மாற்றுக் கடையும் எடுக்காது. மிச்ச ரிங்கிட் நோட்டைச் சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் வெள்ளியாக மாற்றிக்கொள்ளலாம். இரண்டு மூன்று கடை விசாரித்து மாற்றுங்கள், அடுத்தடுத்த கடையிலேயே ரேட் வேறுபடும்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

சரியாகச் சொன்னீர்கள். இந்தியா வந்த பிறகும் நோட்டு மிஞ்சினால் 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை கையில் வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் உள்ளதை 180 நாளுக்குள் திரும்பக் கொடுத்துவிட வேண்டும். கார்டில் மிஞ்சியதை அடுத்த பயணத்துக்கென்று விட்டு வைப்பதானால் முதலில் அந்தக் கார்டின் காலாவதித் தேதியையும், பயன்படுத்தாமல் கிடந்தால் கட்டணம் உண்டா என்பதையும் கேளுங்கள். உண்டு என்றால் உடனே ரூபாயாக மாற்றிக் கணக்கில் போட்டுவிடுங்கள்.